பேக்கர் தெருவில் பத்து ஆண்டுகள்

1984 ஏப்ரல் 24-ஆம் நாள் பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’ ஒளிபரப்பாகியது. 1994 ஏப்ரல் 11-ஆம் நாள் ‘தி கார்ட்போர்டு பாக்ஸ்’ வந்தது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மான்செஸ்டரைச் சேர்ந்த கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம், ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை 41 படங்களாக எடுத்து முடித்தது. ஒரு மணி நேரப் படங்கள் 36, முழுநீளப் படங்கள் 5. ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனாக நடித்தவர் இடையில் மாறினார், தயாரிப்பாளர் மாறினார், எழுத்தாளர்களும் இயக்குநர்களும் வந்து போனார்கள். ஹோம்ஸ் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒருவரே. அவர் பெயர் ஜெரமி பிரெட்.

இவரைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஹோம்ஸ் என்னும் இருண்ட பாத்திரத்துக்குள் இறங்கினார், வெளியே வர வழி தெரியாமல் மனம் கலங்கினார், பாத்திரமே அவர் உயிரைக் குடித்தது என்பது அந்தக் கதை. கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கும் அவருடைய தொழிலுக்கும் அது பெரிய அநீதி. பிரெட்டுக்கு மனநோய் இருந்தது, இதயநோயும் இருந்தது. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நடிப்பு நோயில் விளைந்தது அன்று. இளமையிலிருந்தே விடாமல் செய்த பயிற்சியில் விளைந்தது, முப்பது ஆண்டு மேடை அனுபவத்தில் விளைந்தது, மூலக்கதையின் மீது அவர் வைத்திருந்த பிடிவாதமான விசுவாசத்தில் விளைந்தது. அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

வார்விக்‌ஷையர் மாவட்டத்தில் பெர்க்ஸ்வெல் என்னும் ஊரில் 1933 நவம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். தந்தை ராணுவ அதிகாரி. மகன் நடிகனாவதில் அவருக்கு விருப்பமில்லை. குடும்பப் பெயரோடு மேடையேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் தன் முதல் சூட்டின் உட்புறத்தில் தைத்திருந்த தையல்கடைப் பெயரை எடுத்துக்கொண்டார். பிரெட் என்ற பெயர் அப்படி வந்தது.

படித்தது ஈட்டன் பள்ளியில். பிரிட்டனின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் அவருக்குப் படிப்பு ஏறவில்லை. எழுத்துகள் கண்ணெதிரே குழம்பும் டிஸ்லெக்சியா அவருக்கு இருந்தது. அதோடு நாவும் ஒத்துழைக்கவில்லை. ஆங்கிலத்தின் ரகர ஒலி அவருக்கு வராது. பதினேழு வயதில் அறுவைச் சிகிச்சை செய்து அதைச் சரிசெய்தார்கள். சிகிச்சையோடு வேலை முடியவில்லை. உச்சரிப்புப் பயிற்சிகளை அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் செய்துவந்தார். ஹோம்ஸாக அவர் பேசும்போது ஒவ்வொரு மெய்யெழுத்தும் கத்தி முனைபோல் கூர்மையாக வந்து விழுகிறதே, அது பிறவிக் கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. பிறவியில் அவருக்குக் கிடைத்தது அதற்கு நேர்மாறானது. 

பதினாறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். அது அவர் இதயத்தைப் பாதித்துவிட்டுப் போயிற்று. பின்னாளில் நடந்த பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது, ஹோம்ஸ் குடியிருந்த பேக்கர் தெருவில் அன்று.

லண்டனில் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் பயின்று, 1954-இல் மான்செஸ்டர் லைப்ரரி தியேட்டரில் தொழில்முறை நடிகராக அறிமுகமானார். முப்பது ஆண்டு கழித்து அவருக்கு உலகப் புகழ் தந்த ஊரும் அதே மான்செஸ்டர்தான். 1956-இல் ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் நிகோலாய் ரஸ்தோவாக வந்தார். அவருடைய தங்கை நட்டாஷாவாக ஆட்ரி ஹெப்பர்ன். 1964-இல் அதே ஆட்ரி ஹெப்பர்னோடு ‘மை ஃபேர் லேடி’. அதில் கதாநாயகியின் வீட்டு வாசலில் தவம் கிடக்கும் ஃப்ரெடி என்னும் இளைஞர் வேடம். ஃப்ரெடி பாடும் பாட்டு உலகமெங்கும் பரவியது, ஆனால் அந்தக் குரல் பிரெட்டுடையதன்று. பில் ஷெர்லி என்ற பாடகர் பின்னணி கொடுத்தார். இத்தனைக்கும் ஈட்டன் பள்ளிப் பாடகர் குழுவில் பாடியவர் பிரெட். 1968-இல் பிபிசிக்காக ‘தி மெரி விடோ’ இசைநாடகத்தில் டானிலோவாக நடித்தபோது தம் குரலிலேயே பாடினார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் லாரன்ஸ் ஒலிவியர் நடத்திய தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார். அங்கே 1967-இல் ஆண்களே பெண் வேடமும் ஏற்ற ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகம் அரங்கேறியது. ரோசலிண்டாக ரொனால்ட் பிக்கப், ஆட்ரி என்னும் ஆடு மேய்க்கும் பெண்ணாக ஆண்டனி ஹாப்கின்ஸ், காதலன் ஆர்லாண்டோவாக பிரெட். 1970-இல் ஒலிவியர் ஷைலாக்காக நடித்த ‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் பசானியோ இவர். தொலைக்காட்சியிலும் வேலை குறைவில்லை. 1966-இல் பிபிசியின் ‘தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ தொடரில் டார்ட்டன்யான், 1979-இல் ‘ரெபெக்கா’வில் மாக்சிம் டி வின்டர். ஐம்பது வயதை நெருங்கியபோது, அழகான முகமும் நல்ல குரலும் கொண்ட, பழைய நாடகங்களுக்குப் பொருத்தமான நடிகர் என்ற பெயர் அவருக்கு நிலைத்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தம் காலத்தின் மிகப் பெரிய வேடம் இனிமேல்தான் வரப்போகிறது என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹோம்ஸ் மட்டும் அவரை முன்பே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். 1958-இல் பிரெட் மணந்துகொண்ட நடிகை ஆனா மாஸியின் தந்தை ரேமண்ட் மாஸி, 1931-இல் ‘தி ஸ்பெக்கிள்டு பேண்ட்’ படத்தில் ஹோம்ஸாக நடித்தவர். அந்தத் திருமணம் 1962-இல் முறிந்தது. டேவிட் என்று ஒரு மகன். 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘தி க்ரூசிஃபர் ஆஃப் பிளட்’ என்ற ஹோம்ஸ் நாடகம் நடந்தது. ஹோம்ஸ் வேடம் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு. டாக்டர் வாட்சன் யார் என்றால், ஜெரமி பிரெட். ஹோம்ஸின் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையை முதலில் செய்துவிட்டுத்தான் அவர் ஹோம்ஸானார். இந்த அனுபவம் பின்னால் வாட்சனை நடத்திய விதத்தில் தெரிகிறது.

கிரனாடாவின் தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ் ஒரு முடிவோடு இருந்தார். பேசில் ராத்போன் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் ஹோம்ஸாக நடித்து உலகையே கவர்ந்திருந்தார். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டாயில் எழுதாத கதைகள். ஹோம்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்கே வந்து நாஜிகளைத் துரத்தினார். கூட வந்த வாட்சனோ, நைஜல் புரூஸ் நடிப்பில், ஒன்றும் புரியாமல் விழிக்கும் கிழவராகிப் போனார். காக்ஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மூலத்துக்குத் திரும்ப விரும்பினார். ஹோம்ஸும் வாட்சனும் என்ன உண்டார்கள், எதைப் புகைத்தார்கள், எப்படி உடுத்தினார்கள், எந்தக் கதையில் என்ன பழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது என்று கதைகளிலிருந்து திரட்டி 77 பக்கங்களுக்கு ஒரு கையேடு தொகுக்கப்பட்டது. ‘பேக்கர் ஸ்ட்ரீட் ஃபைல்’ என்று அதற்குப் பெயர். மான்செஸ்டரில் கிரனாடா வளாகத்திலேயே விக்டோரியா காலத்துப் பேக்கர் தெருவைக் கட்டினார்கள். ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் டாயிலின் கதைகளுக்குச் சிட்னி பாஜெட் வரைந்த சித்திரங்களைப் பார்த்து, சில காட்சிகளை அதே நிலையில் அதே கோணத்தில் படமாக்கினார்கள்.

பிரெட் முதலில் தயங்கினார். எத்தனையோ பேர் நடித்த வேடம். புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்வி. கதைகளைப் படித்தார். படித்தபோது, உலகம் பார்த்துப் பழகிய ஹோம்ஸ் டாயிலின் பக்கங்களில் இல்லை என்று கண்டார். நகருக்குள் எந்நேரமும் வேட்டைத் தொப்பியோடு திரியும் மனிதர் அங்கே இல்லை. சோம்பலில் நாள்கணக்காகச் சுருண்டு கிடந்து, வேலை வந்ததும் சிறுவனைப்போல் துள்ளி எழும் மனிதர் இருந்தார். வயலின் இருந்தது. வேலையில்லாத நாளில் கையில் ஏறும் கோக்கேய்ன் ஊசியும் இருந்தது. அதன்பிறகு மூலக்கதைப் புத்தகம் படப்பிடிப்புத் தளத்திலும் அவர் கையில் இருந்தது. திரைக்கதை டாயிலைவிட்டு விலகினால், ஏன் விலகியது என்று கேட்டு வாதாடுவார். எழுதியவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்காது. வாசிப்பே கடினமாக வாய்த்த ஒருவர், பிரதிக்காக இப்படி நின்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதையில் இல்லாததையும் தமக்குள் அவர் எழுதிவைத்துக்கொண்டார். ஹோம்ஸின் குழந்தைப்பருவம் டாயிலில் இல்லை. பிரெட் அதைக் கற்பனை செய்தார்: குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்து, ஒருநாளும் முத்தமிடாத ஒரு செவிலி. பார்வையாளருக்கு இது சொல்லப்படவே இல்லை. ஆனால் யாராவது நெருங்கித் தொட வரும்போது திரையில் ஹோம்ஸ் அரை அடி பின்வாங்குகிறாரே, அந்தப் பின்வாங்கலுக்குள் இந்தச் செவிலி இருக்கிறாள். வேடத்தால் விழுங்கப்பட்டவர் செய்யும் காரியமா இது? தன் வேடத்தை வெளியிலிருந்து பார்த்து, இடைவெளி எங்கே என்று கண்டுபிடித்து, அதை நிரப்பும் கைவினைஞரின் காரியம்.

ஒரு காட்சியை மட்டும் சற்று நின்று பார்ப்போம். 1986-இல் வந்த ‘தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்’ படத்தின் முடிவு. பார்ஜியா குடும்பத்தின் கறுப்பு முத்தை நெப்போலியன் சிலைக்குள்ளிருந்து ஹோம்ஸ் எடுத்துக் காட்டிவிட்டார். கதை முடிந்துவிட்டது. அப்போது இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட், ஸ்காட்லண்ட் யார்டில் யாருக்கும் உங்கள்மேல் பொறாமை இல்லை, எங்களுக்குப் பெருமைதான் என்று மனம் திறந்து சொல்கிறார். டாயில் இந்த இடத்தில் வாட்சனின் வாயிலாக ஒரு சிறு குறிப்பு மட்டும் தருகிறார்: ஹோம்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் நெகிழ்ந்ததைக் கண்ட அரிய தருணம் அது என்ற பொருளில். அவ்வளவுதான். அடுத்த நொடி பழைய ஹோம்ஸ் திரும்பிவிடுகிறார்.

அந்தக் குறிப்பை பிரெட் முகத்தால் வாசிக்கிறார். லெஸ்ட்ரேடாக நடித்த காலின் ஜீவன்ஸ் பேசப் பேச, கேமரா பிரெட்டின் முகத்தில் நிற்கிறது. உதடு லேசாகத் துடிக்கிறது. கண் கலங்கத் தொடங்கி நின்றுவிடுகிறது. நன்றி என்று சொல்லும் குரல் ஒரு படி இறங்கியிருக்கிறது. இத்தனை நாள் கிண்டலுக்கு இலக்கான ஒரு போலீஸ்காரர் தந்த பாராட்டு, யாருடைய பாராட்டும் வேண்டாதவர் போல் வாழ்ந்த மனிதரை எங்கே தொட்டது என்று தெரிந்துவிடுகிறது. சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்காகப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் வியப்பில்லை.

வாட்சனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் 13 படங்களில் டேவிட் பர்க். ஆப்கானியப் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர், நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர், மடையர் அல்லர் என்பது அவர் நடிப்பில் முதல் காட்சியிலேயே தெரிந்தது. பர்க் விலகியபோது தம் இடத்துக்கு எட்வர்ட் ஹார்ட்விக்கைப் பரிந்துரைத்தார். ஹார்ட்விக்கும் தேசிய நாடக அரங்கில் ஒலிவியரிடம் இருந்தவர். பர்க்கின் வாட்சன் சுறுசுறுப்பானவர், ஹார்ட்விக்கின் வாட்சன் அமைதியானவர். 1985-இல் முடிந்த ‘தி ஃபைனல் ப்ராப்ளம்’ படத்துக்கும் 1986-இல் வந்த ‘தி எம்ப்டி ஹவுஸ்’ படத்துக்கும் இடையில் இந்த மாற்றம் நடந்தது. முன்னதில் ஹோம்ஸ் ஸ்விட்சர்லாந்தின் ரெய்கன்பாக் அருவியில் மறைகிறார். அந்த அருவிக்கே போய்ப் படமெடுத்தார்கள். பின்னதில் உயிரோடு திரும்புகிறார். மூன்றாண்டுத் துயரம் தாங்கிய வாட்சனின் முகம் மாறியிருப்பது கதைக்கே பொருந்திவிட்டது.

உண்மையான துயரமும் அதே வேளையில்தான் வந்தது. பிரெட்டின் இரண்டாம் மனைவி ஜோன் வில்சன், பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’, ‘மிஸ்டரி’ ஆகிய நிகழ்ச்சி வரிசைகளைத் தயாரித்தவர். பிரிட்டிஷ் நாடகங்களை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரியது. கணவரின் ஹோம்ஸும் அமெரிக்காவில் ‘மிஸ்டரி’ வழியாகவே போயிற்று. ஜோன் 1985 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். பிரெட் மீண்டும் வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டு உடைந்துபோனார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருக்கு இருப்பது இருமுனை மனநோய் என்று கண்டறிந்து, லித்தியம் கொடுத்தார்கள். இளமையிலேயே பழுதாகியிருந்த இதயம், லித்தியம், இதயத்துக்கான மருந்துகள், நிறுத்த முடியாத சிகரெட் எல்லாம் சேர்ந்து உடலில் நீர் கட்டியது. ஒல்லியாக நெடிதாக நின்ற ஹோம்ஸ் பருத்தார், மூச்சு வாங்கினார். இதில் எந்த மர்மமும் இல்லை. மருத்துவம் விளக்கக்கூடிய காரணங்கள் கண்முன் இருக்கும்போது, கற்பனைப் பாத்திரத்தின்மேல் பழிபோடுவது எதற்கு?

நோய்க்குப் பிறகு அவர் எடுத்த முடிவு ஒன்று அவருடைய தெளிவுக்குச் சான்று. குழந்தைகளும் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஹோம்ஸின் ஊசி அவரை உறுத்தியது. மூலத்தை ஒரு வரி மாற்றினாலும் சண்டைக்கு வருபவர், இந்த ஓர் இடத்தில் மாற்றம் கேட்டார். அதையும் தம் போக்கில் செய்யவில்லை; டாயிலின் மகள் டேம் ஜீன் கானன் டாயிலிடம் இசைவு பெற்றுச் செய்தார். 1988-இல் வந்த ‘தி டெவில்ஸ் ஃபுட்’ படத்தில், கார்ன்வால் கடற்கரையில் ஹோம்ஸ் தம் ஊசியை மணலில் புதைக்கிறார். அதே படத்தில், நச்சுப் புகையில் அறிவிழந்து கிடக்கும் ஹோம்ஸை வாட்சன் இழுத்துக் காப்பாற்றும்போது, நினைவு திரும்பும் அந்தக் கணத்தில் ஹோம்ஸ் நண்பரை ‘ஜான்!’ என்று கூவி அழைக்கிறார். எத்தனையோ ஆண்டாக ஒரே வீட்டில் இருந்தும் ‘வாட்சன்’ என்று மட்டுமே அழைத்துப் பழகியவர்.

1988-இலும் 1989-இலும் லண்டன் விண்டம்ஸ் அரங்கில் ‘தி சீக்ரெட் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ நாடகம். ஜெரமி பால் எழுதியது. மேடையில் இரண்டே பேர், பிரெட்டும் ஹார்ட்விக்கும். இரவுதோறும் அந்தப் பாத்திரத்துக்குள் போய் இரவுதோறும் வெளியே வந்தவர் அவர்.

தொடரின் தரம் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கவில்லை. 1993-இல் வந்த ‘தி லாஸ்ட் வாம்பயர்’, ‘தி எலிஜிபிள் பேச்சிலர்’ இரண்டும் சிறுகதைகளை இழுத்து இழுத்து முழுநீளப் படமாக்கியவை. டாயில் எழுதாத கனவுகளும் பீதிகளும் அவற்றில் புகுந்தன. பிரெட்டுக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. பார்ப்பவருக்கும் புரிகிறது: மூலக்கதை என்ற தரை காலடியில் இருக்கும்வரை நிமிர்ந்து நின்ற நடிப்பு, தரை விலகியதும் தடுமாறுகிறது. நோய்தான் அவர் நடிப்புக்கு ஊற்று என்றால், நோய் முற்றிய இந்தப் படங்கள் உச்சமாக இருந்திருக்க வேண்டும். அவைதாம் தொடரின் பலவீனமான பகுதி.

1994-இன் கடைசி ஆறு படங்களில் அவர் உடல்நிலை கண்ணுக்குத் தெரிகிறது. ‘தி மஸாரின் ஸ்டோன்’ படமாகும்போது அவரால் இயலவில்லை. ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக வரும் சார்ல்ஸ் கிரே பெரும்பகுதியைத் தாங்கினார். அப்படியிருந்தும் அதே வரிசையில் ‘தி டையிங் டிடெக்டிவ்’ இருக்கிறது. சாகக் கிடப்பவராக ஹோம்ஸ் நடிக்கும் கதை அது. உண்மையிலேயே நோயுற்ற ஒரு நடிகர், நோயாளிபோல் நடிக்கும் ஒருவராக நடிக்கிறார். எங்கே பாசாங்கு, எங்கே கூர்ந்த அறிவு என்று பிரித்துக் காட்டும் அளவு அவருக்கு அப்போதும் கட்டுப்பாடு இருந்தது. 

பிரிட்டனின் பரபரப்புப் பத்திரிகைகள் அவர் மருத்துவமனை நாள்களை விடாமல் துரத்தின. அவர் ஒளியவில்லை. தம் நோயின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். 1995-இல் மனநோயாளிகளுக்கு உதவும் அமைப்பு ஒன்றுக்காக பிபிசி வானொலியில் பேசி நிதி திரட்டினார். அக்காலத்தில் ஒரு நட்சத்திர நடிகர் இப்படிச் செய்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் லண்டனில் கிளாப்பம் பகுதியிலிருந்த தம் வீட்டில் இதயச் செயலிழப்பால் காலமானார். வயது 61. டாயில் எழுதிய 60 ஹோம்ஸ் கதைகளில் 40-க்கு மேற்பட்டவை படமாகியிருந்தன. எஞ்சியவற்றையும் முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நாடகம் பயிலும் மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், முதல் வரிசையிலிருந்து ‘தி புளூ கார்பன்கிள்’ படத்தைச் சொல்லலாம். திருடன் காலில் விழுந்து கெஞ்சுகிறான். ஹோம்ஸ் அவனைப் போலீசில் ஒப்படைக்காமல் விரட்டிவிடுகிறார். கதையை முதலில் படித்து, கோபம் எந்த வரியில் தொடங்குகிறது, இரக்கம் எந்த வரியில் அதை மீறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு பிரெட்டைப் பார்க்க வேண்டும். அடுத்ததாக ‘தி நார்வுட் பில்டர்’, அதன்பின் ‘தி சிக்ஸ் நெப்போலியன்ஸ்’, கடைசியாக ‘தி டையிங் டிடெக்டிவ்’. ஒவ்வொன்றுக்கும் முன் மூலக்கதையைப் படித்துவிட்டே திரையின் முன் அமர வேண்டும். அவர் அப்படித்தான் வேலை செய்தார்.